கணினி அஞ்சலின் கதை – 14: விளம்பரம் நின்ற பிறகு

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா–ஷாம்பெய்ன் வளாகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டார்னர் 1988ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய யூடோரா என்னும் மின்னஞ்சல் மென்பொருள், 1991இல் சான் டியேகோ நகரத்துக் குவால்காம் நிறுவனத்தின் கைக்கு வந்து, 1993இல் வணிகப் பொருளாகி, கோடிக்கணக்கானோரின் அன்றாடக் கருவியாக வளர்ந்த வரலாற்றைச் சென்ற பகுதி விவரித்தது. 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4உடன் இணைந்து வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், காசு கேட்காமலேயே விண்டோஸ் கணினிகளுக்குள் இடம்பிடித்ததையும், அதனால் மின்னஞ்சல் மென்பொருளுக்கு விலை கொடுக்கும் வழக்கமே தளர்ந்ததையும் அப்பகுதி கூறி முடிந்தது.

குவால்காம் அதற்குக் கண்ட விடை 2000ஆம் ஆண்டில் யூடோராவின் 4.3ஆம் பதிப்பாக வெளிவந்தது. அந்த விடைக்குள்ளேயே அடுத்த பதினெட்டு ஆண்டுகளின் சிக்கல் ஒளிந்திருந்தது.

* * *

4.3ஆம் பதிப்பு ஒரே மென்பொருளுக்குள் மூன்று முறைகளை வைத்தது. பணம் செலுத்தியவர்களுக்கு விளம்பரமற்ற கட்டண முறை. பணம் செலுத்தாமல், சில வசதிகளை இழக்கச் சம்மதிப்பவர்களுக்கு இலகு முறை. ஏறத்தாழ எல்லா வசதிகளும் வேண்டும், ஆனால் பணம் தர இயலாது என்பவர்களுக்கு, திரையின் ஓரத்தில் ஒரு சிறு சட்டத்தில் விளம்பரங்களைக் காட்டும் விளம்பர முறை.

விளம்பர முறை இயங்கிய விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்துப் பயனர்களில் பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பி வழியாகச் சில நிமிடங்கள் மட்டும் இணையத்தில் இணைந்து, வந்த மடல்களை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிப்பவர்கள். ஆகவே இணையப்பக்கத்தில் காட்டுவதைப் போல அந்த நொடியில் விளம்பரத்தை வரவழைக்க இயலாது. மடல் இறங்கும் இடைவெளியிலேயே விளம்பரங்களையும் இறக்கி வன்தட்டில் சேமித்து, எந்த விளம்பரத்தை எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்ற பட்டியலைச் சேவையகத்திடமிருந்து, அதாவது கேட்பவருக்குத் தரவு அளிக்கும் மையக் கணினியிடமிருந்து, பெற்றுக்கொண்டு, அதன்படி மென்பொருளே காட்ட வேண்டும்.

நேரத்தை அளக்கும் முறையிலும் நுணுக்கம் இருந்தது. மென்பொருள் திறந்திருந்தால் மட்டும் போதாது. பயனர் விசைப்பலகையையோ சுட்டியையோ இயக்கிக்கொண்டிருக்கும் நேரமே, அதாவது அவர் உண்மையில் திரையின் முன் இருக்கும் நேரமே, கணக்கில் சேர்ந்தது. விளம்பரம் தருபவருக்கு இதைவிட நேர்மையான கணக்கு வேறு இருந்திருக்க முடியாது.

ஏய்ப்பைத் தடுக்கவும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. ஒருவருடைய கணினிக்கு மடல்கள் தடையின்றி வருகின்றன, விளம்பரங்கள் மட்டும் நாட்கணக்கில் வரவில்லை என்றால், அவர் விளம்பரங்களை வேண்டுமென்றே தடுக்கிறார் என்று மென்பொருள் ஊகித்தது. முதலில் எச்சரித்து, பிறகு அவரை ஏய்ப்பவர் வகையில் சேர்த்து, இலகு முறைக்கு இறக்கியது. பணம் செலுத்தியவர், பதிவு செய்யாதவர், புதுப்பிப்புக்கான காலம் கடந்தவர் எனப் பயனர்களைப் பல நிலைகளாகப் பகுத்த ஒரு முழு வரைபடமே நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தது.

இந்த ஒப்பந்தத்தில் குறை காண்பது நியாயமாகாது. பணத்திற்குப் பதில் கவனத்தைத் தருமாறு வெளிப்படையாகக் கேட்டது. விரும்பாதவருக்கு வேறு இரு வழிகளையும் திறந்து வைத்தது. அதே ஆண்டில் ஓபரா உலாவியும் 5ஆம் பதிப்பில் இதே வழியைத் தேர்ந்தது. 2005 செப்டம்பரில் விளம்பரங்களை முற்றிலும் நீக்கியது.

ஆனால் யூடோராவின் வரைபடத்தில் ஒரு நிலைக்கு மட்டும் இடமே ஒதுக்கப்படவில்லை. விளம்பரம் வராமைக்குக் காரணம் பயனர் அல்லர், அனுப்ப வேண்டிய நிறுவனமே அனுப்புவதை நிறுத்திக்கொண்டது என்னும் நிலைதான் அது. அந்நிலை வந்தால், குற்றமற்ற பயனரும் ஏய்ப்பவராகவே கருதப்படுவார்.

* * *

2006ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள்.

அன்று இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. விண்டோஸுக்கு 7.1.0.9, மேக் கணினிக்கு 6.2.4 என்னும் பதிப்புகள் வெளியாயின. அவையே டார்னரும் அவருடைய சகாக்களும் கட்டியெழுப்பிய மூலநிரலிலிருந்து, அதாவது மனிதர்கள் எழுதிப் படிக்கக்கூடிய நிரல் வடிவத்திலிருந்து, குவால்காம் உருவாக்கிய கடைசிப் பதிப்புகள். இனிவரும் யூடோரா மொசில்லா அமைப்பின் தண்டர்பேர்ட் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூலநிரலாக உருவாகும் என்பது மற்றொரு செய்தி. அத்திட்டத்திற்குப் பெனிலோப் என்று பெயரிடப்பட்டது.

கட்டண முறையின் விலை 19.95 டாலராகக் குறைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் விற்பனையும் நின்றது. விளம்பரங்களும் நின்றபோது, வரைபடத்தில் இடமில்லாத அந்த நிலை உண்மையாயிற்று.

காரணங்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குவால்காமின் உயிர்நாடி கைப்பேசிகளுக்கான சில்லுகளும் கம்பியில்லாத் தொடர்பு நுட்பக் காப்புரிமைகளும். மின்னஞ்சல் மென்பொருள் அதன் ஓரத்தில் முளைத்த கிளை. 2000க்குப் பின் இணைய நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தபோது இணைய விளம்பர வருவாயும் சரிந்தது. 2004 ஏப்ரலில் தோன்றிய ஜிமெயில், ஒரு கிகாபைட் சேமிப்பிடத்தை இலவசமாகத் தந்து, மடலைத் தன் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையையே பலருக்கு இல்லாமலாக்கியது. விளம்பர வருவாயும் அத்தகைய சேவைகளின் பக்கமே சாய்ந்தது.

பெனிலோப் திட்டத்தின் முதல் சோதனைப் பதிப்பு 2007 ஆகஸ்டு இறுதியிலும், முழுமையான 1.0 பதிப்பு 2010 செப்டம்பரிலும் வெளிவந்தன. படவுருக்களிலும் சில விசைகளிலும் அது பழைய யூடோராவை நினைவூட்டியது. உள்ளே இருந்ததோ தண்டர்பேர்ட். பழைய பயனர்களில் பலர் அதை நிறுவிப் பார்த்துவிட்டு, 7.1க்கே திரும்பினர். உரிமையாளர் கைவிட்டதைப் பயனர்கள் கைவிட மறுத்த அந்தத் திரும்புதலே இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம்.

* * *

அவர்கள் ஏன் திரும்பினர் என்பதற்குப் பழக்கம் என்ற ஒற்றைச் சொல் போதாது.

விண்டோஸ் யூடோராவில் ஒவ்வொரு அஞ்சல்பெட்டியும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. எந்தக் குறிப்பேட்டு நிரலிலும் திறந்து படிக்கலாம். அதனருகே, எந்த மடல் கோப்பின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் குறித்துவைக்கும் மற்றொரு சிறு அட்டவணைக் கோப்பு. மடலோடு வந்த படங்களும் ஆவணங்களும் மடலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்புறையில் தம் இயல்பான வடிவிலேயே கிடக்கும்.

அட்டவணை பழுதானாலும் உரைக் கோப்பிலிருந்து அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். கணினியை மாற்றும்போது அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும். பத்து, பதினைந்து ஆண்டுகளின் கடிதப் போக்குவரத்து ஓர் எழுத்தும் குறையாமல் புதிய இயந்திரத்தில் எழுந்து நிற்கும். தம் கடிதங்கள் தம்மிடமே இருக்கின்றன என்ற உறுதியை இவ்வளவு எளிமையாகத் தந்த மென்பொருள் அன்று அரிது, இன்று அதனினும் அரிது. பழைய யூடோராவைக் காக்கும் முயற்சி வெறும் பழமைப் பற்று என்று எழுதுவோர் இந்த ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

* * *

முதல் அடி இயங்குதளங்களிலிருந்து விழுந்தது.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, நிரல்கள் நிறுவப்படும் கோப்புறைக்குள் சாதாரணப் பயனர் எதையும் எழுத முடியாதபடி பூட்டியது. பழைய வழக்கப்படி நிரலையும் மடல்களையும் ஒரே கோப்புறையில் வைத்திருந்தவர்கள், மடல்களை வேறிடத்திற்கு நகர்த்தி, எங்கே பார்க்க வேண்டும் என்பதை யூடோராவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்தது. அதன்பின் வந்த விண்டோஸ் பதிப்புகளும் பழைய 32 பிட் நிரல்களை இயக்கும் திறனைக் கைவிடவில்லை.

மேக் பயனர்களின் கதை வேறு.

ஆப்பிள் நிறுவனம் 2006இல் பவர்பிசி சில்லுகளிலிருந்து இன்டெல் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. யூடோரா 6.2.4 பவர்பிசிக்காக எழுதப்பட்டது. பழைய சில்லின் கட்டளைகளைப் புதிய சில்லுக்கு அவ்வப்போது மொழிபெயர்த்துத் தரும் ரொசெட்டா என்ற இடைநிலை நிரலை ஆப்பிள் தன் இயங்குதளத்தில் சேர்த்திருந்ததால், யூடோரா ஐந்தாண்டுகள் தடையின்றி இயங்கியது.

2011 ஜூலையில் லயன் எனப்பட்ட 10.7ஆம் பதிப்பு வந்தபோது, அதில் ரொசெட்டா இல்லை.

இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்களுக்கு யூடோரா திறக்கவே இல்லை. புதுப்பிக்காதவர்கள் ஸ்னோ லெப்பர்ட் எனப்பட்ட 10.6ஆம் பதிப்பிலேயே தங்கினர். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்ற பிறகு, கடிதங்களைக் காப்பதா கணினியைக் காப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். யூடோரா பிறந்ததே மேக் கணினியில்தான். டார்னரின் முதல் பதிப்பு, ஏறத்தாழ 50,000 வரிகள், மேக்குக்காகவே எழுதப்பட்டது. பிறந்த மண்ணில்தான் அது முதலில் மாண்டது.

* * *

விண்டோஸில் எஞ்சியவர்களை அடுத்த சிக்கல் மெதுவாக, மாதம் மாதமாக நெருக்கியது.

மடலை எடுக்கும்போது கடவுச்சொல்லும் உரையும் நடுவழியில் எவர் கண்ணிலும் படாதிருக்க, கணினியும் சேவையகமும் மறைமொழியில் பேசிக்கொள்கின்றன, இதுவே குறியாக்கம். சேவையகம் தான் யார் என்பதை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதை வழங்கிய அமைப்பு நம்பத்தக்கதா என்று மென்பொருள் தன்னிடமுள்ள பட்டியலில் பார்க்கும். யூடோராவின் பட்டியல் 2006ஆம் ஆண்டோடு உறைந்துவிட்டது. புதிய சான்றிதழ் அமைப்புகள் அதற்கு அந்நியர்கள்.

ஆகவே சேவையகம் சான்றிதழை மாற்றும் ஒவ்வொரு முறையும் மடல் நின்றது. பயனர், கடைசி இணைப்பின் விவரங்களைக் காட்டும் சாளரத்தைத் திறந்து, சான்றிதழ்களின் சங்கிலியை ஒவ்வொன்றாக விரித்து, அடியில் உள்ளதைத் தேடி, நம்பிக்கைக்குரியது என்று தம் கையாலேயே பதிவு செய்ய வேண்டும். கூகுள் போன்ற நிறுவனங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை சான்றிதழை மாற்றத் தொடங்கியபோது, இது ஒரு சடங்காகவே ஆயிற்று. கணினித் துறைக்குத் தொடர்பில்லாத பேராசிரியர்களும் வணிகர்களும் ஓய்வுபெற்றோரும் குறியாக்கத்தின் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டனர். ஒரு சாதாரண மென்பொருள் தன் பயனர்களிடம் இவ்வளவு கோருவது அரிது.

பட்டியலைக் கையால் திருத்தலாம். மறைமொழியே மாறிவிட்டால் என்ன செய்வது? யூடோரா அறிந்திருந்தது 1990களின் குறியாக்க நெறிமுறைகளை மட்டுமே. 2014 அக்டோபரில் அவற்றுள் ஒன்றான எஸ்எஸ்எல் 3இன் ஓட்டை அம்பலமானது. அடுத்த சில ஆண்டுகளில் 1999இல் வரையறுக்கப்பட்ட டிஎல்எஸ் 1.0உம் பாதுகாப்பற்றதெனக் கருதப்பட்டு, சேவையகங்கள் ஒவ்வொன்றாக அதை மறுக்கத் தொடங்கின. 2021 மார்ச்சில் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு அதை முறைப்படி விலக்கியது.

இந்த இடத்தில் பலருக்குக் கைகொடுத்தது எஸ்டனல் என்ற சிறு நிரல். அது பயனரின் கணினியிலேயே அமர்ந்து, யூடோராவிடம் மறைப்பின்றிப் பழைய முறையில் பேசி, அதே பேச்சை வெளியே உள்ள சேவையகத்திடம் புதிய குறியாக்கத்தில் சொல்லும். கிழக்கிந்தியக் கும்பினிக்காரருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்த துபாஷியின் வேலை அது. சேவையகம் தன் கணினிக்குள்ளேயே இருப்பதாக யூடோரா நம்பியது. உலகம் மாறிவிட்டதை அதற்கு அறிவிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

எழுத்தின் சிக்கலை மட்டும் எந்தத் துபாஷியாலும் தீர்க்க முடியவில்லை. யூடோரா வளர்ந்த காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பது மேலைநாட்டு வழக்கம். உலக மொழிகள் அனைத்துக்கும் இடமளிக்கும் யூனிகோட் முறையை அது முழுமையாக ஏற்கவே இல்லை. யூனிகோடின் யுடிஎஃப்–8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், புதிய முறையில் எழுதப்பட்ட தமிழ் மடல் பழைய யூடோராவில் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது. காக்கத் தகுந்த மென்பொருள்தான். எல்லோருக்குமான மென்பொருளாக அது இருந்ததில்லை.

* * *

வெளியிலிருந்து ஒட்டுப்போடும் காலம் 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஒரு முடிவுக்கு வந்தது.

கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரத்திலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், குவால்காமுடன் ஐந்தாண்டுகள் பேச்சு நடத்தி, அன்று யூடோராவின் மூலநிரலை உலகிற்கு வெளியிட்டது. முதலில் பேசப்பட்டது, மூலநிரலைப் பார்வைக்கு வைக்கும் அனுமதி மட்டுமே. முடிவில் குவால்காம் அதற்கும் மேலே சென்று, நிரல், வணிகப் பெயர், பதிப்புரிமை, இணைய முகவரி ஆகிய அனைத்தையும் அருங்காட்சியகத்திற்கே கொடையாக அளித்துவிட்டது. ஒரு பெருநிறுவனம் தான் விற்பதை நிறுத்திய பொருளிடம் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்ட நிகழ்வுகள் மென்பொருள் வரலாற்றில் சில மட்டுமே.

அருங்காட்சியகம் அதை பிஎஸ்டி உரிமத்தின் கீழ் வெளியிட்டது. உரிமைக் குறிப்பை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டால், எவரும் அந்நிரலை மாற்றலாம், பரப்பலாம், விற்கவும் செய்யலாம் என்பது அதன் பொருள். விண்டோஸ் வடிவம் 565 கோப்புறைகளில் 8,651 கோப்புகளாகவும், முற்றிலும் தனியாக எழுதப்பட்ட மேக் வடிவம் 47 கோப்புறைகளில் 1,433 கோப்புகளாகவும் இருந்தன.

விளம்பர முறையின் விதிகள் அனைவர் கண்ணுக்கும் தெரிந்தன. யார் ஏய்ப்பவர் என்று தீர்மானித்த அந்த வரைபடத்தை இனி எவரும் படிக்கலாம். சட்டத்தை மீறாமலே நீக்கியும் விடலாம். 2000ஆம் ஆண்டில் போடப்பட்ட முடிச்சு அவிழ்ந்தது.

ஆயினும் வந்தது முழு யூடோரா அன்று. நிரலாளர்கள் குறிப்புகளில் எழுதியிருந்த தகாத சொற்கள் நீக்கப்பட்டதில் இழப்பில்லை. வெளியார் உரிமை பெற்ற பகுதிகள் நீக்கப்பட்டதுதான் இழப்பு. சாளரங்களையும் கருவிப்பட்டைகளையும் வரைந்த ஸ்டிங்ரே என்னும் ஆயத்த நிரல் நூலகம் போன்றவற்றை குவால்காம் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தியிருந்ததே தவிர, அவற்றை வழங்கும் உரிமை அதனிடம் இல்லை. ஆகவே வெளியான நிரலை அப்படியே தொகுத்து, அதாவது இயந்திரம் ஏற்கும் வடிவத்திற்கு மாற்றி, இயக்க முடியாது; விடுபட்ட உறுப்புகளை வாங்க வேண்டும், அல்லது புதிதாக எழுத வேண்டும்.

அந்தப் பொறுப்பை ஏற்ற முயற்சிகளுள் ஹெர்மிஸ் என்னும் பெயரில் பழைய பயனர்கள் முன்னெடுத்தது குறிப்பிடத்தக்கது. முழு மென்பொருளையும் மீண்டும் கட்டுவது நெடுங்காலப் பணி என்றாலும், குறியாக்கத்தைக் கவனிக்கும் நூலகக் கோப்பை மட்டும் தனியே புதுப்பித்து, பழைய 7.1க்குள்ளேயே பொருத்தும் வழி கிடைத்தது. 2006இல் நின்றுபோன மென்பொருள் இடையாள் இல்லாமலே தற்கால மறைமொழியைப் பேசியது.

* * *

இவ்வளவும் கைகூடியபோது, கதவின் பூட்டே வேறு விதமாக மாறிக்கொண்டிருந்தது.

யூடோரா பயனர்கள் வழக்கமாக நம்பியிருந்த அடையாள முறை எளியது: பெயரைச் சொல்லி, கடவுச்சொல்லைச் சொல்லி, மடலைப் பெறுவது. திருடப்பட்ட கடவுச்சொற்களால் கோடிக்கணக்கான கணக்குகள் ஆபத்துக்குள்ளாவதைக் கண்ட பெரிய நிறுவனங்கள், கடவுச்சொல்லை மின்னஞ்சல் மென்பொருளிடம் தருவதையே ஒழிக்க முனைந்தன. ஓஆத் எனப்படும் புதிய முறையில், பயனர் உலாவிச் சாளரத்தில் நிறுவனத்திடமே நேராக நுழைந்து அனுமதி வழங்க, மென்பொருளுக்குக் குறிப்பிட்ட காலமே செல்லும் ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கும். அந்தச் சீட்டைக் கேட்பதற்கு, மென்பொருளை உருவாக்கியவர் முன்கூட்டியே அந்நிறுவனத்திடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

2022 மே 30ஆம் நாள் முதல், கூகுள் தனிநபர் கணக்குகளில் பழைய முறை நுழைவை நிறுத்தத் தொடங்கியது. இரட்டைச் சரிபார்ப்பை ஏற்றவர்களுக்கு 16 எழுத்துகள் கொண்ட ஒரு தனிக் கடவுச்சொல் என்னும் சிறு திறப்பை மட்டும் விட்டுவைத்தது. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் நிறுவனக் கணக்குகளுக்கும், 2024 செப்டம்பர் 16ஆம் நாள் தனிநபர் கணக்குகளுக்கும் அந்த வாயிலை அடைத்தது.

விளம்பரச் சேவையகத்தின் பிடியிலிருந்து விடுபட யூடோராவுக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இப்போது அதன் முன் நிற்பது தன் சொந்த நிரலில் உள்ள பூட்டு அன்று. பிறர் வாயிலில் உள்ள பூட்டு. உரிமையாளர் அருங்காட்சியகம், உருவாக்குவோர் சம்பளமற்ற சிலர், சான்றளிக்க நிறுவனம் ஏதுமில்லை என்ற நிலையில், அந்த வாயிலில் யாருடைய பெயரைச் சொல்லி யூடோரா அனுமதிச் சீட்டைக் கேட்கும்?

(தொடரும்)